பௌத்த விழாக்களுக்குப் பின்னால் பெய்யும் மழை

சித்தார்த்தன் சிறுவனாக இருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். உழவு தொடங்கும் நாள் அது. பாலி மொழியில் அதற்கு வப்பமங்கலம் என்று பெயர்; தமிழில் சொன்னால் பொன்னேர் பூட்டும் விழா. சாக்கியர்களின் தலைவரான சுத்தோதனர் ஏர் பிடிக்கிறார். ஊரே வயலில் கூடி நிற்கிறது. பையனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய செவிலியர்களும் வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறார்கள். தனியாக விடப்பட்ட பையன் ஒரு நாவல் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைக் கவனித்தபடியே மனம் ஒடுங்கிப்போகிறான். வெயில் நகர்ந்தும் அந்த மரத்தின் நிழல் மட்டும் நகரவில்லை என்று பிற்கால உரைகள் சேர்த்துச் சொல்கின்றன.

நிழல் நின்றதோ இல்லையோ, மரத்தடியில் உட்கார்ந்ததைப் புத்தரே பின்னாளில் நினைவுகூர்வதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. பல ஆண்டுகள் உடம்பை வருத்தி, பட்டினி கிடந்து, ஒன்றும் கைகூடாமல் தளர்ந்திருந்த வேளையில் அவருக்கு ஞாபகம் வந்தது, அப்பா வயலில் வேலையாக இருந்தபோது நாவல் நிழலில் கிடைத்த அந்த அமைதிதான். அவருடைய தேடல் அங்கிருந்து வேறு பக்கம் திரும்பியது.

பௌத்த விழாக்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வயல்தான் கண் முன்னால் வரும். புத்தர் பிறந்தநாளான வெசாக்கில் இலங்கையில் ஏற்றும் விளக்குக் கூடுகள், தாய்லாந்து ஆறுகளில் மிதக்கும் தீபங்கள், திபெத்தின் தயிர் விருந்து, ஜப்பானில் மலைச்சரிவில் முன்னோருக்காக மூட்டும் தீ என எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். ஆனால் அவற்றின் தேதிகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், பலவும் கங்கைச் சமவெளியில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பெய்த ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்கின்றன. அந்த மழை எப்படி இத்தனை நாடுகளுக்குப் பயணம் போனது என்று பார்ப்போம்.

முதலில் நிலா

மழைக்குப் போவதற்கு முன் நிலாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பௌத்த நாட்காட்டியில் நாளைக் குறிப்பது நிலாதான்.

இதைத் தொடங்கி வைத்தது ஒரு அரசர் என்கிறது விநயம், அதாவது துறவிகளின் ஒழுக்க நூல். கங்கைச் சமவெளியில் இருந்த மகத நாட்டின் மன்னர் பிம்பிசாரர், மற்ற சமயத் துறவிகள் வளர்பிறை, தேய்பிறை ஒவ்வொன்றிலும் 8, 14, 15 ஆகிய நாட்களில் கூடிப் பேசுவதையும், மக்கள் அவர்களிடம் ஈர்க்கப்படுவதையும் கவனித்தார். நம் பிக்குகளும் கூடினால் என்ன என்று புத்தரிடம் கேட்டார். புத்தர் ஒப்புக்கொண்டார். பிக்குகள் கூடினார்கள், ஆனால் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வந்த மக்களுக்கு ஏமாற்றம். ஊமைப் பன்றிகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களே என்று குறை சொன்னார்கள். அதன் பிறகுதான் அந்த நாட்களில் அறம் உரைக்கும் வழக்கம் வந்தது. உபோசதம் என்று பாலியில் சொல்லும் இந்த நாள்தான் இலங்கையில் போயா தினம்.

அந்த நாட்களில் முழுநிலாவுக்கு மட்டும் ஏன் தனிச் சிறப்பு? எனக்குத் தோன்றும் விடை எளியது. பகலெல்லாம் வயலில் நின்ற மனிதர்கள் விகாரைக்கு வர இரவுதான் நேரம். விளக்கில்லாத காலத்தில் அவர்கள் பாதுகாப்பாக நடந்துபோய்த் திரும்பி வர நிலா வெளிச்சம் வேண்டும்.

இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. 1966-இல் தொடங்கிச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையே எடுத்துவிட்டு, நிலாவின் நான்கு கட்டங்களையும் வார விடுமுறையாக வைத்துப் பார்த்தார்கள். நிலா ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படாது. சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. உலகத்தின் மற்ற இடங்களோடு வணிகம் செய்வது சிக்கலானதும் பழையபடி ஞாயிறுக்கே திரும்பிவிட்டார்கள்.

நிலா மாதம் ஒன்று சுமார் 29½ நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான்; சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் சித்திரைப் பௌர்ணமி மெல்ல மெல்ல நகர்ந்து குளிர்காலத்துக்குப் போய்விடும். அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அந்த அதிக மாதத்தை எந்த ஆண்டில், எந்த இடத்தில் நுழைப்பது என்பதில் நாடுகளுக்குள் கணக்கு வேறுபடும். சில ஆண்டுகளில் ஒரு நாடு வெசாக் கொண்டாடி ஒரு மாதம் கழித்து இன்னொரு நாடு கொண்டாடுவது இதனால்தான். ஆண்டுக் கணக்கிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. புத்தர் மறைந்து 2,500 ஆண்டு நிறைந்ததை இந்தியாவும் இலங்கையும் 1956-இல் கொண்டாடின. தாய்லாந்து 1957-இல் கொண்டாடியது. புத்தர் மறைந்த ஆண்டையே முதலாம் ஆண்டாக எண்ணுவதா, பூச்சியமாக எண்ணுவதா என்பதுதான் அந்த ஓர் ஆண்டு வித்தியாசம்.

புல்லை மிதிக்காதீர்கள்

இப்போது மழைக்கு வருவோம்.

ஆரம்பத்தில் பிக்குகளுக்கு நிலையான இடம் என்று எதுவும் இல்லை. கோடை, குளிர், மழை எல்லாக் காலத்திலும் ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தார்கள். இதைப் பார்த்து மக்கள் முணுமுணுத்தார்கள். மழைக்காலத்தில்கூட நடந்து திரிந்து, முளைத்து வரும் பசும்புல்லை மிதிக்கிறார்களே, சின்னஞ்சிறு உயிர்களை நசுக்குகிறார்களே. மற்ற சமயத் துறவிகள்கூட மழையில் ஓரிடத்தில் தங்குகிறார்கள், பறவைகள்கூட மர உச்சியில் கூடு கட்டிக்கொண்டு அடங்கியிருக்கின்றனவே என்றார்கள். இதைக் கேட்ட புத்தர், மழைக்காலத்தில் மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்று விதித்தார். பாலியில் இது வஸ்ஸ வாசம். வஸ்ஸ என்றால் மழை.

இந்தப் பகுதியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். விதி பிறந்தது புல்லுக்காக, புழுவுக்காக. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் பெயர் தெரியாத சாதாரண சனங்கள். அநேகமாக, மழைக்குப் பின் தங்கள் நாற்று எப்படி முளைக்கிறது என்று தினமும் போய்ப் பார்க்கும் உழவர்களாக இருந்திருப்பார்கள். அவர்கள் குறையைக் கேட்டுத் தன் சங்கத்தின் வாழ்க்கை முறையையே புத்தர் மாற்றிக்கொண்டார். விகாரை என்ற கட்டடமும், அதை ஒட்டி ஊரும் துறவியும் ஒருவரை ஒருவர் சார்ந்து வாழும் முறையும் வளர்ந்ததற்கு இந்த மூன்று மாதத் தங்கல் ஒரு பெரிய காரணம்.

வஸ்ஸ வாசம் ஆசாள்ஹ மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும். நம் கணக்கில் அது ஆடியை ஒட்டி வரும். புத்தர் சாரநாத்தின் மான் காட்டில் ஐந்து பேருக்கு முதல் உரை நிகழ்த்தியதும் அந்தப் பௌர்ணமியில்தான் என்பது மரபு. ஐப்பசியை ஒட்டிய பௌர்ணமியில் வாசம் முடியும். நடுவில் பெற்றோருக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற காரணங்களுக்காக அதிகபட்சம் ஏழு நாள் வெளியே போய் வரலாம். ஒரு பிக்குவின் மூப்பை இன்றும் அவர் கழித்த மழைகளை வைத்தே எண்ணுகிறார்கள். புத்தர் ஞானம் பெற்றபின் 45 மழைக்காலங்கள் வாழ்ந்தார் என்கிறார்கள். கடைசி மழையை வைசாலிக்கு அருகே பேலுவ என்ற சிற்றூரில் கடும் நோயோடு கழித்தார்.

தங்கல் முடியும் நாளில் பிக்குகள் ஒருவரிடம் ஒருவர், என்னிடம் ஏதாவது குறையைப் பார்த்திருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்வார்கள். இதற்குப் பவாரணம் என்று பெயர். மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குள் என்னென்ன மனத்தாங்கல் சேர்ந்திருக்கும் என்று யோசித்தால், இந்தச் சடங்கின் அருமை புரியும்.

அப்புறம் வருவது கட்டின பூசை. முப்பது பிக்குகள் புத்தரைப் பார்க்க சாவத்திக்கு நடந்து வந்தார்கள்; வழியில் சாகேதத்தில் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. இத்தனை பக்கத்தில் இருந்தும் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்தோடு அங்கேயே மூன்று மாதம் தங்கினார்கள். வாசம் முடிந்ததும், மழை முழுசாக விடாதபோதே, சேற்றிலும் நீரிலும் நடந்து நனைந்த சீவரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். சீவரம் என்பது பிக்கு உடுத்தும் துவராடை. அவர்களுடைய நிலையைப் பார்த்துத்தான் மழைக்குப் பின் புதுச் சீவரத் துணி பெறும் முறையைப் புத்தர் அனுமதித்தார். கட்டினம் என்பது துணியை விரித்துத் தைக்க உதவிய சட்டத்தின் பெயர். ஒரு விகாரைக்கு ஆண்டில் ஒரே ஒரு முறைதான் கட்டினம். அதுவும் வாசம் முடிந்த ஒரு மாதத்துக்குள். அன்றே வெட்டி, தைத்து, சாயமிட்டு முடிக்க வேண்டும். மியான்மரில் நவம்பர்ப் பௌர்ணமிக்கு முந்தைய இரவு முழுக்கப் பெண்கள் தறியில் போட்டியிட்டு நெய்து, விடிவதற்குள் சீவரத்தை முடித்துக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சீவரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் ஒரு வயல் இருக்கிறது. புத்தர் ஒருமுறை மகத நாட்டு நெல்வயல்களைக் காட்டி, பாத்திகளும் வரப்புகளும் குறுக்கு வரப்புகளுமாக இருக்கும் இந்த அமைப்பிலேயே சீவரம் தைக்க முடியுமா என்று தன் சீடர் ஆனந்தரிடம் கேட்டார். துண்டுத் துணிகளை இணைத்து ஆனந்தர் தைத்துக் காட்டினார். உலகெங்கும் பிக்குகள் இன்றும் அந்த வரப்புக் கோடுகளைத்தான் போர்த்திக்கொள்கிறார்கள்.

மழை மாறியது, விதி மாறவில்லை

மகதத்தில் மழை ஜூன் பாதியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை பெய்யும். வஸ்ஸ வாசம் அதற்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் பௌத்தம் பயணம் போன நாடுகளில் மழை அந்தக் கணக்குப்படி பெய்யவில்லையே!

அனுராதபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பௌத்தத்தின் முதல் தலைநகர். அங்கே பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றோடு அக்டோபரில்தான் தொடங்கும். ஜூலையும் ஆகஸ்டும் காய்ந்து கிடக்கும் மாதங்கள். ஆக, பிக்குகள் மழைக்காக அடைந்து கிடந்த காலத்தில் வெளியே வெயில் கொளுத்தியது; வாசம் முடிந்து வெளியே வரும்போது மழை தொடங்கியது. நம் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இதே கதைதான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அங்கே தங்கிய பிக்குகள் ஆடி வெயிலில் மகதத்தின் மழையைக் கடைப்பிடித்திருப்பார்கள். ஐப்பசி அடைமழையில் வாசத்தை முடித்திருப்பார்கள். ஒரு ஊரின் வானிலை இன்னொரு ஊரின் வழிபாடாக மாறுவது இப்படித்தான்.

திபெத்துக்குப் போனால் விதி இன்னொரு வடிவம் எடுக்கிறது. அங்கே மழை குறைவு. ஆனால் குறுகிய கோடையில் புழுபூச்சிகள் மண்ணுக்கு மேலே வந்துவிடும். அவற்றை மிதித்துவிடக் கூடாதே என்று துறவிகள் மடத்துக்குள்ளேயே இருந்தார்கள். தங்கல் முடிந்து வெளியே வந்தபோது மக்கள் அவர்களுக்குத் தயிர் கொடுத்து வரவேற்றார்கள். கோடை மேய்ச்சலில் கால்நடைகள் நன்றாகப் பால் கறக்கும் காலம் அது. ஷோ என்றால் தயிர், தோன் என்றால் விருந்து; ஷோதோன் என்ற பெரிய விழா இப்படித்தான் பிறந்தது. ஆகஸ்ட் வாக்கில் லாசாவின் திரேபுங் மடத்தில் மலைச்சரிவை மூடும் அளவுக்குப் பெரிய புத்தர் ஓவியத் துணியை விடியற்காலையில் விரித்துக் காட்டுகிறார்கள்.

சீனாவில் தங்கலை நான்காம் மாதப் பௌர்ணமியில் தொடங்கி ஏழாம் மாதப் பௌர்ணமியில் முடித்தார்கள். மூன்று மாதம் ஒழுக்கம் காத்த பிக்குகளுக்கு அந்த முடிவு நாளில் உணவு படைத்தால் அதன் புண்ணியம் இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசித்த ஆவியாகக் கிடந்த தன் தாயை இப்படித்தான் மீட்டார் என்பது கதை. ஜப்பானின் ஓபோன் விழா இதிலிருந்து வந்தது. ஆகஸ்ட் 16 இரவு கியோத்தோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் பெருந்தீ மூட்டி முன்னோரை வழியனுப்புகிறார்கள். அந்தத் தீயைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இதன் தேதிக்குப் பின்னால் மகதத்து மழையும் மிதிபட்ட புல்லும் இருப்பது தெரிந்திருக்கும்?

தாய்லாந்து இவ்வளவு தூரம் போகவில்லை. அங்கே மழைக்காலம் ஏறக்குறைய மகதத்தோடு ஒத்துப்போகிறது. துறவிகள் மூன்று மாதம் ஓரிடத்தில் இருந்து இரவில் படிக்க வெளிச்சம் வேண்டும் என்று மக்கள் மெழுகுவர்த்தி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உபோன் ராச்சத்தானியில் அது இன்று வண்டி வண்டியாகச் செதுக்கிய மெழுகுச் சிற்பங்களின் ஊர்வலமாகிவிட்டது. இளைஞர்கள் அந்த ஒரு மழைக்கு மட்டும் துறவு பூண்டு, பிறகு வீடு திரும்பும் வழக்கமும் அங்கே உண்டு.

மரங்களும் குழப்பங்களும்

வெசாக் மழைக்கு முந்தைய விழா. வைகாசிப் பௌர்ணமி. புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, மறைந்தது மூன்றும் அன்றுதான் என்பது தேரவாத மரபு, அதாவது இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளில் உள்ள பௌத்தப் பிரிவின் மரபு. மூன்றுமே மரத்தடியில் நடந்தவை: லும்பினியில் சால மரம், கயையில் அரச மரம், குசிநகரில் இரட்டைச் சால மரங்கள். மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவதும் இந்த வைகாசி விசாகத்தில்தான். வெசாக்கைத் தமிழர்கள் காப்பிய காலத்திலேயே அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்த ஓரிடம் போதும். இலங்கையில் பிரிட்டிஷ் ஆட்சியில் வெசாக் மீண்டும் விடுமுறை நாளானது 1885-இல். ஆறு நிறப் பௌத்தக் கொடி முதலில் ஏறியதும் அதே நாள். 1999-இல் ஐ.நா. பொதுச்சபை வெசாக் நாளை ஏற்றுக்கொண்டது.

மரங்களைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இலங்கையிலும் தாய்லாந்திலும் பல விகாரைகளில் சால மரம் என்று காட்டப்படுவது உண்மையில் நாகலிங்க மரம். தண்டிலேயே பூக்கும், பீரங்கிக் குண்டு போலக் காய்க்கும் அந்த மரம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. புத்தர் காலத்தில் ஆசியாவில் அது கிடையாது. லும்பினியில் நின்றது வேறு இனம்: இமயமலை அடிவாரக் காடுகளில் நெடிதாக வளரும், கோடைத் தொடக்கத்தில் வெளிர்மஞ்சள் பூக்களால் மூடிக்கொள்ளும் சால மரம். பெயர் ஒன்றாகிப் போனதால் மரமும் மாறிவிட்டது. பக்திக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அரச மரத்தின் பயணம் இன்னும் அழகானது. அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளை, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் நடப்பட்டு இன்றும் நிற்கிறது. மனிதர் நட்ட நாள் பதிவாகி இத்தனை காலம் உயிரோடிருக்கும் மரம் இதைவிடப் பழையது இல்லை என்று சொல்வார்கள். கயையில் இப்போதிருப்பது அதே மரம் அல்ல. பழைய மரம் 1876-இல் சாய்ந்தபின் 1881-இல் தொல்லியலாளர் கன்னிங்காம் நட்ட கன்று. வட சீனா, ஜப்பான் பக்கம் போனால் குளிரில் அரச மரம் பிழைக்காது. அங்கே இதய வடிவ இலை கொண்ட லிண்டன் மரத்தைப் போதி மரமென்று விகாரைகளில் வளர்க்கிறார்கள். இலையின் சாயல் ஒத்திருந்ததே போதுமென்று ஏற்றுக்கொண்டார்கள்.

மியான்மரில் வெசாக் என்றால் அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். அவர்களுடைய கசோன் மாதம் கடும் வெயிலும் வறட்சியுமான மாதம்; குளங்கள் வற்றியிருக்கும். அந்த நேரத்தில் மக்கள் குடங்களைத் தலையில் சுமந்து வரிசையாக விகாரைக்குப் போய் மரத்தின் வேரில் ஊற்றுகிறார்கள். விழாக்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: தாகத்தில் இருக்கும் மனிதர்கள் ஒரு மரத்தின் தாகத்தை நினைத்துக்கொள்கிறார்கள்.

மழையைக் கேட்டு வாங்குவது

மழைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் இன்னொரு வகை விழாவும் உண்டு. இவை புத்தருக்கு முந்திய, அந்தந்த ஊரின் பழைய நம்பிக்கைகள். பௌத்தம் இவற்றை விரட்டாமல் விகாரை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டது.

லாவோசிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் மே, ஜூனில் மூங்கிலும் வெடிமருந்தும் கொண்டு பெரிய பெரிய ராக்கெட்டுகள் செய்து வானத்தில் விடுகிறார்கள். யசோத்தோன் நகரத்து விழா பேர்போனது. யாருடைய ராக்கெட் கிளம்பாமல் புஸ்ஸென்று போகிறதோ அவர்களைச் சேற்றில் தள்ளிவிடுவார்கள். இதற்கொரு கதை. வான தேவன் மழையை நிறுத்திவிட்டான். உயிர்களெல்லாம் வாடின. அப்போது தேரை அரசனாகப் பிறந்திருந்த போதிசத்துவர், அதாவது பின்னொரு பிறவியில் புத்தராகப் போகிறவர், படை திரட்டினார். கரையான்கள் வானம் வரை புற்றுக் கட்டின. தேள்களும் குளவிகளும் போய்க் கொட்டின. தோற்ற வான தேவன் உடன்படிக்கைக்கு வந்தான்: ராக்கெட் மேலே வந்தால் மழை அனுப்ப வேண்டும், தேரைகள் கத்தினால் மழை வந்து சேர்ந்தது என்று பொருள், பட்டத்தில் கட்டிய விசில் ஒலித்தால் போதும், நிறுத்திக்கொள்ளலாம். வைகாசி, ஆனி, கார்த்திகை மூன்றின் உழவு வேலையும் இந்தக் கதைக்குள் அடங்கிவிட்டது.

கண்டியின் எசல பெரஹெராவும் தண்ணீரில்தான் முடிகிறது. புத்தரின் புனிதப் பல்லுக்குரிய பேழையைச் சுமக்கும் யானையையே எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். ஆனால் ஊர்வலம் தொடங்குவது ஒரு பலாக்கன்றின் தண்டை நான்கு தெய்வக் கோயில்களில் நடுவதோடு. முடிவது, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றின் நடுவே விடியற்காலையில் வாளால் நீரை வெட்டி, வெட்டிய இடத்து நீரைக் குடத்தில் எடுத்து வைப்பதோடு. அடுத்த ஆண்டு வரை அந்த நீர் காக்கப்படும். நான்கு கோயில்களில் ஒன்று பத்தினி தெய்வத்துடையது. மழைக்கும் அம்மை நோய்க்கும் உரியவளாக அங்கே வணங்கப்படும் பத்தினி, நம் கண்ணகிதான். மற்றொன்று கதிர்காமத்துக் கந்தனுக்கு. புத்தரின் பல்லுக்குரிய பேழை இந்த ஊர்வலத்தின் முன்னிடத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில், நாயக்கர் வழி வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னர் காலத்தில். அதற்கு முன் இது தெய்வங்களின் விழாவாகவே இருந்தது.

தண்ணீர் திரும்பும் நாள்

மழை முடிந்ததும் தண்ணீருக்கு நன்றி சொல்லும் விழாக்கள். கம்போடியாவில் இதற்குப் பின்னால் ஓர் அதிசயமான ஆறு இருக்கிறது. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பொங்கி எழும்போது, தொன்லே சாப் ஆறு எதிர்த்திசையில், தன் ஏரியை நோக்கி ஓடத் தொடங்கும். வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் தொன்லே சாப் ஏரி, நல்ல மழை ஆண்டுகளில் ஐந்து மடங்கு வரை விரியும். ஏரியைச் சுற்றியுள்ள காடுகள் நீரில் மூழ்கி மீன்குஞ்சுகளுக்குத் தொட்டிலாகும். மீகாங் வடிந்ததும் ஆறு மறுபடி திசை மாறி, மீனையும் வண்டலையும் சுமந்துகொண்டு கடலை நோக்கி ஓடும். அந்தத் திருப்பத்தை ஒட்டிய பௌர்ணமியில்தான் புனோம் பென் நகரில் படகுப் பந்தய விழா. மேலே கட்டப்படும் அணைகளும் தவறும் மழையும் இந்தத் துடிப்பைப் பலவீனமாக்கி வருகின்றன. விழா நாள் அப்படியே இருக்கிறது. ஆறுதான் முன்போல இல்லை.

அதே பௌர்ணமியில் தாய்லாந்தில் லோய் கிராத்தோங். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, இலையால் மடிப்பு மடிப்பாக அலங்கரித்து, பூவும் ஊதுவத்தியும் மெழுகுவர்த்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். உன்னைப் பயன்படுத்தினோம், அழுக்காக்கினோம், பொறுத்துக்கொள் என்று நீரிடம் மன்னிப்புக் கேட்கும் சடங்கு. அந்த நீர்த்தாயை மே கோங்கா என்று அழைக்கிறார்கள், நம் கங்கைதான். மன்னிப்புக் கேட்கப் போனவர்களே ஒரு காலத்தில் தெர்மாகோல் தட்டுகளை லட்சக்கணக்கில் மிதக்கவிட்டார்கள் என்பது வேதனை. பிறகு வாழைத்தண்டுக்குத் திரும்பச் சொல்லி இயக்கங்கள் வந்தன. மீன் தின்னட்டும் என்று ரொட்டியில் செய்து விட்டாலும், அளவு மிஞ்சினால் அது ஊறிக் குளத்தைக் கெடுக்கிறது. எத்தனை நல்லெண்ணம் இருந்தாலும் ஒரு குளம் தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது.

உயிர்களை விடுவிக்கும் புண்ணியச் செயலும் இப்படித்தான் திசை மாறியது. அறுபடப் போகும் மீனையோ கூண்டுப் பறவையையோ விலைக்கு வாங்கி விடுவது கருணையில் பிறந்த வழக்கம். இன்று விடுவிப்பதற்கென்றே பறவைகளைப் பிடித்து விற்கிறார்கள். பிடிக்கும்போதும் அடைத்து வைக்கும்போதும் பல செத்துப்போகின்றன. விகாரைக் குளங்களில் விடப்படும் அமெரிக்கச் செங்காது ஆமைகள் உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. புல்லையும் பூச்சியையும் காக்கப் பிறந்த ஒரு விதியை மதிப்பவர்கள் இதை நேராகப் பார்த்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் நிலாக் கணக்கை விட்டுவிட்டது. 1873-இல் நாட்காட்டி மாறியபின் புத்தர் பிறந்தநாள் ஏப்ரல் 8 என்று நிலைபெற்றது. பல ஊர்களில் அது செர்ரி பூக்கும் நேரம். பூக்களால் கூரை வேய்ந்த சிறு மண்டபத்தில் குழந்தைப் புத்தரை நிறுத்தி, ஒருவகைச் செடியின் இலையில் காய்ச்சிய இனிப்புத் தேநீரை ஊற்றுகிறார்கள். பகலும் இரவும் சமமாகும் இரண்டு பருவங்களில் ஹிகான் என்ற ஏழு நாள் விழா. ஹிகான் என்றால் அக்கரை. அன்று சூரியன் நேர் மேற்கில் மறையும்; அமிதாப புத்தரின் தூய உலகம் மேற்கில் இருப்பதாக நம்பிக்கை. இலையுதிர் ஹிகானில் வயல் வரப்புகளிலும் கல்லறைகளைச் சுற்றியும் இலையே இல்லாத தண்டில் சிவந்த பூக்கள் திடீரென்று நிமிர்ந்து நிற்கும். கிழங்கு நச்சுத்தன்மை கொண்டதால் எலிகள் அண்டாது என்று முன்னோர் நட்டவை அவை.

புதிதாகப் பிறக்கும் விழாக்களும் இருக்கின்றன. பூட்டானின் போப்ஜிகா பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வருகின்றன. வந்திறங்கும்போது காங்தே மடத்தை வட்டமிடுகின்றன என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். 1998 முதல் ஒவ்வொரு நவம்பர் 11 அன்றும் அந்த மடத்து முற்றத்தில் கொக்கு விழா. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேடமிட்டு ஆடுகிறார்கள். பறவைகள் மோதிச் சாகாமலிருக்க அந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் 1988 நவம்பரில் தெற்கு மாகாணங்களில் பெருவெள்ளம். மரம் வெட்டிய மலைச்சரிவுகள் இடிந்து, கட்டைகளும் சேறும் ஊர்களை மூடின. 1989 தொடக்கத்தில் அரசு வணிக மரவெட்டுக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டுகளில்தான் வடக்குத் தாய்லாந்தின் பிக்குகள் சிலர் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். காட்டின் மிகப் பெரிய, மிகப் பழைய மரத்தின் முன் ஊர்மக்களோடு கூடி, மந்திரம் ஓதி, அந்த மரத்துக்குத் துறவு கொடுத்தார்கள். மரம் பிக்கு ஆக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் துவராடை சுற்றிய ஒன்றின்மேல் கோடரி வைக்க அந்த ஊரில் யாருக்கும் கை வராது என்பதும் தெரியும். நெல்வயலின் நிறமேறிய அந்தத் துணி, அடிமரத்தில் சுற்றி முடிச்சிடப்பட்டு, வெயிலில் வெளுத்து, அடுத்த மழையில் நனைந்து அப்படியே நிற்கும்.